நான்கு வேட்டும் ஒரு கல்லாமணியும்: தமிழில் இசை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்



எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. 1975-இல் லண்டனில் பிறந்தார், ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார், இடையில் சென்னையில் சில காலம் இருந்தார், போர் துரத்த 1986-இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பினார், ஓவியக் கல்லூரியில் படித்தார், பாடகியானார், கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு ஆடினார், அதே மாதத்தில் ரகுமானோடு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தார். இதில் பொய்யான வரி ஒன்றும் இல்லை. ஆனால் அவரை அந்த மேடைக்குக் கொண்டுபோன பாட்டு இதில் எங்கே இருக்கிறது? ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்று பெயரைச் சொல்லிவிட்டு, “உலகப் புகழ்பெற்ற” என்று ஓர் அடைமொழியையும் ஒட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். 2008-இல் தனிப்பாடலாக வெளிவந்த அந்த மூன்றரை நிமிடப் பாட்டை உலகம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், ஒவ்வொரு தரப்பும் அதில் ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அதை வீட்டுக்குள் விட்டிருக்கிறது என்பது என் வாதம். அந்தத் தரப்புகளில் நாமும் ஒன்று என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் பாட்டு பிறந்த சூழல். முதல் ஆல்பமான ‘அருளர்’ 2005-இல் வெளிவந்து விமர்சகர்களிடம் பெயர் வாங்கிய பிறகு, அடுத்ததை அமெரிக்காவில் உட்கார்ந்து செய்ய அவர் திட்டமிட்டிருந்தார். புரூக்ளினில் வீடும் பார்த்தாயிற்று. 2006-இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அதனால் ‘கலா’ ஆல்பம் ஊர் ஊராகப் பதிவானது: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா, மறுபடி லண்டன். நமக்கு இதில் சொந்தம் கொண்டாட நிறையவே இருக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் உறுமி அதிர்கிறது. ‘பாம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்துக்காக இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு ஓடுகிறது. ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பாட்டில் தமிழ் ஒலி எதுவும் கிடையாது. அதன் அடித்தளம் ‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் பங்க் குழு 1982-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. அந்தப் பழைய ஒலிப்பதிவிலிருந்து கிதார் வட்டம் ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் தாளமும் குரலும் ஏற்றியிருக்கிறார்கள். இந்தத் தேர்வை அலங்காரமாகக் கடந்துபோகக் கூடாது. கிளாஷ் பாட்டு, இங்கிலாந்தின் எஃகு ஆலைகள் மூடப்பட்ட காலத்தில் மொழி தெரியாமல் வந்து நின்ற குடியேறிகளிடம் உனக்கு இங்கே இடமில்லை என்று சொன்ன நாட்டைப் பற்றியது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து, அப்பாவின் நாட்டுக்குப் போக வழியில்லாமல் விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்காக ஒரு வெள்ளைக்காரக் குழு எழுதிய பாட்டின் மேல், கால் நூற்றாண்டு கழித்து, வாசலில் நிறுத்தப்பட்ட ஒருத்தியே ஏறி நின்று பதில் சொல்கிறாள்.

அவள் சொல்லும் பதில் அழுகை இல்லை. இங்கேதான் பாட்டின் சாமர்த்தியம். சரணங்களில் பேசும் ஆள் ஒரு வாய்வீச்சுக்காரர். எல்லையில் பிடித்தால் பிடித்துக்கொள், என் பெயரிலேயே விசாக்கள் இருக்கின்றன, நாள் முழுக்கத் தயாரித்துக் கொடுப்பேன் என்ற தொனியில் பெருமை அடித்துக்கொள்கிறார். கள்ளவிசா வியாபாரி, தெருமுனைச் சண்டியர், மூன்றாம் உலகத்திலிருந்து வந்து உன் வேலையையும் பணத்தையும் பறித்துக்கொண்டு போகிறவர்: குடிவரவு அதிகாரியின் கெட்ட கனவில் வரும் எல்லா உருவங்களையும் ஒரே ஆளாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இப்படி ஓர் ஆள் நிஜத்தில் கிடையாது. இருந்தாலும் கடவுச்சீட்டோடு சாளரத்தின் முன் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த ஆளாகத்தான் பார்க்கப்படுகிறார்கள். பாட்டு அந்தப் பார்வைக்கு நடித்துக் காட்டுகிறது.

பல்லவிக்கு வருவோம். எனக்கு ஆசையெல்லாம் இதுதான் என்று சிறுவர்கள் குரலும் சேர்ந்து ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறது. எது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல் வருவதில்லை; நான்கு துப்பாக்கி வேட்டு கேட்கிறது. பிறகு துப்பாக்கியை மறுபடி நிரப்பும் சத்தம், உடனே கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் மணி. அதன் பிறகே சொற்கள் திரும்பிவந்து, உன் பணத்தை எடுத்துக்கொள்வது என்று வாக்கியத்தை முடிக்கின்றன. வினைச்சொல் நிற்க வேண்டிய இடத்தில் ஒலி நிற்கிறது. கேட்பவர்தான் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். சுடுவது, கொள்ளையடிப்பது என்று நிரப்புகிறவர் தன் மனதில் இருந்ததைத்தான் நிரப்புகிறார். ஏனென்றால் அந்தக் கல்லாமணி கொள்ளைக்காரனுக்கு மட்டும் உரியதில்லை. லண்டனிலும் பாரிசிலும் டொரொண்டோவிலும் நள்ளிரவு வரை திறந்திருக்கும் பலசரக்குக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் யார்? பெரும்பாலும் குடியேறி வந்தவர். துப்பாக்கி நீட்டப்படும்போது எதிரே இருப்பவரும் அவரே. புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசண்ட் பகுதியில் எடுத்த வீடியோவில் எம்.ஐ.ஏ. செய்யும் வேலை என்ன என்று ஒருமுறை பாருங்கள்: வண்டிக்குள் நின்று சாப்பாடு விற்கிறார். ஆயுதம் விற்றுப் பணம் பார்க்கும் பெரிய மனிதர்களுக்கும் அந்த வேட்டைப் பொருத்திக்கொள்ளலாம் என்று அவரே பேட்டியில் குறிப்புக் காட்டியிருக்கிறார். ஒரே ஒலி மூன்று பேரைச் சுட்டுகிறது. மூவரில் யாரை நீ முதலில் நினைத்தாய் என்பதே பாட்டு கேட்பவரிடம் வைக்கும் கேள்வி.

2007-இன் பின்பாதியில் டேவிட் லெட்டர்மனின் இரவு நிகழ்ச்சியில் அவர் இந்தப் பாட்டைப் பாடியபோது அந்த வேட்டுச் சத்தத்தை மழுக்கி வேறு ஒலியாக மாற்றியிருந்தார்கள். எம்டிவியும் வீடியோவில் அதையே செய்தது. அமெரிக்காவில் அது வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டு. சிறுவர்கள் குரலோடு துப்பாக்கிச் சத்தம் வீட்டுக்கூடத்தில் கேட்பதை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் விரும்பாததில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆப்பிரிக்க அமெரிக்க ராப் பாடகர்களின் துப்பாக்கிச் சொற்களையும் அங்கே வானொலி நெடுங்காலமாக வெட்டியே ஒலிபரப்பி வருகிறது, எம்.ஐ.ஏ.வுக்கென்று தனியாக யாரும் விதி எழுதவில்லை. இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் வெட்டின் விளைவைப் பார்க்க வேண்டும். ஒலியை எடுத்துவிட்டால் பல்லவியில் மிஞ்சுவது ஆசையும் பணத்தை எடுத்துக்கொள்வதும் மட்டும். அதாவது, குடியேறியின் மீதான குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது, அதைக் கேலி செய்த பாகம் காணாமல் போய்விட்டது. வன்முறையைக் குறைக்கிறோம் என்று நினைத்துக் கிண்டலைக் குறைத்துவிட்டார்கள். வேட்டு மிகையாக, ஏறக்குறைய கேலிச்சித்திரப் படத்துச் சத்தம்போல ஒலிப்பதால்தான் கேட்பவருக்கு இது நிஜமான மிரட்டல் இல்லை என்று புரியும். அந்த மிகையைத் தட்டிச் சமப்படுத்தினால் பாட்டு தான் நையாண்டி செய்ததையே தானே சொல்வதாகிவிடுகிறது.

பாதுகாப்பு என்ற காரணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அடுத்த ஆண்டு காட்டியது. 2008 பிப்ரவரியில் தனிப்பாடலாக வந்தபோது பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. கோடையில் வெளியான ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்துக்கு முன்னோட்டம் வந்தது. கஞ்சா அடிக்கும் இரண்டு நண்பர்களைப் போதைக் கும்பல் துரத்தும் கதை. முன்னோட்டத்தின் பின்னணியில் ‘பேப்பர் பிளேன்ஸ்’. தொலைக்காட்சி ஒளித்துவைத்த வேட்டுகளே அங்கே காட்சிவெட்டுகளுக்குத் தாளமாகின. பாட்டு மளமளவென்று ஏறி, செப்டம்பர் வாக்கில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடத்தைப் பிடித்தது. அவர் வளர்ந்த பிரிட்டனில் 19-க்கு மேலே போகவில்லை. குடியேறியின் வாயிலிருந்து வந்தபோது அபாயமாகத் தெரிந்த ஒலி, வெள்ளை நடிகர்களின் கேளிக்கைக்குப் பின்னணியாக வந்தபோது விற்பனைச் சரக்கானது. முன்னோட்டத்தில் முன்னால் நின்றது பல்லவி. விசாவும் எல்லையும் பேசப்படும் சரணங்களின் பொருளுக்கு அங்கே வேலை இல்லை. தொலைக்காட்சி ஒலியைக் கழற்றிச் சொல்லை வைத்துக்கொண்டது என்றால், சினிமா சொல்லைக் கழற்றி ஒலியை வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அமெரிக்கக் கார்களில் இதைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேருக்கு இது விசா மறுக்கப்பட்ட ஒருத்தியின் பாட்டு என்று தெரிந்திருக்கும்?

ராப் உலகம் எடுத்துக்கொண்டது தெருமுனை வீராப்பு பேசும் ஒற்றை வரி. கான்யே வெஸ்ட் அந்த வரியை வெட்டியெடுத்து, டி.ஐ., ஜே-ஸி, லில் வெய்ன் ஆகியோருடன் ‘ஸ்வாகா லைக் அஸ்’ என்ற பாட்டாக்கினார். 2009 பிப்ரவரி 8 அன்று கிராமி மேடையில் கோட்டும் சூட்டும் போட்ட நான்கு ஆண்களுக்கு நடுவே அவர் பாடியது அதைத்தான். தெருமுனையில் நிற்பவர்களின் வீராப்பு, கோடீசுவரர்களின் வீராப்பாக மாறியிருந்தது. காட்சியாக அது மறக்க முடியாதது; பாட்டுக்கு அதனால் நடந்ததைப் பெரிய நன்மை என்று சொல்ல முடியவில்லை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பரவாயில்லை ரகம். ரயிலில் திருட்டும் விற்பனையுமாகப் பிழைக்கும் இரண்டு சிறுவர்கள் மேல் பாட்டை ஓடவிட்ட டேனி பாயில், பாட்டின் குறும்பையாவது சரியாகக் கேட்டிருந்தார்.

இனிச் சிக்கலான இடம். 2008-இல் இலங்கைப் பின்னணி கொண்ட அமெரிக்க ராப் பாடகர் டிலான் இதே பாட்டின் இசையை எடுத்துக்கொண்டு, எம்.ஐ.ஏ. பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று குற்றம்சாட்டி ஒரு பதில்பாட்டு வெளியிட்டார். பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று எம்.ஐ.ஏ. மறுத்தார். நம் கட்டுரைகள் இந்த இடத்தில் ஒன்று மௌனமாகின்றன, அல்லது கோபப்படுகின்றன. இரண்டும் உதவாது. தொடக்க கால ஓவியங்களிலும் ஆல்ப அட்டைகளிலும் புலி உருவங்களையும் போர்க்களப் படிமங்களையும் அவர் தாராளமாகப் பயன்படுத்தினார் என்பது உண்மை. விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட இயக்கம். புலிகளின் குண்டுகளில் உறவினரை இழந்த ஒரு சிங்களவருக்கோ முஸ்லிமுக்கோ, அந்தப் படிமங்களைப் பார்த்துவிட்டு இந்த வேட்டுச் சத்தத்தைக் கேட்கும்போது மனம் கசந்தால், அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதை ‘பேப்பர் பிளேன்ஸ்’ மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பாட்டின் எந்த வரியிலும் ஈழமோ புலியோ போரோ இல்லை. குற்றச்சாட்டின் ஆதாரம் பாட்டுக்கு வெளியிலிருந்து, பாடகியின் குடும்பக் கதையிலிருந்து வருகிறது. அந்தக் கதையும் அடிக்கடி தவறாகச் சொல்லப்படுகிறது. தந்தை அருளர், 1975-இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். விடுதலைப் புலிகளைச் சேர்ந்தவர் அல்லர். தமிழன் என்றால் புலி, புலி என்றால் துப்பாக்கி என்று இரண்டே எட்டில் முடிவுக்குப் போகும் பார்வையைத்தான் பாட்டு முன்கூட்டியே நடித்துக் காட்டியிருந்தது. எதிர்த்தவர்கள் தங்களை அறியாமலே அந்த நாடகத்தில் பாத்திரம் ஏற்றார்கள்.

இது வெறும் அழகியல் விவாதம் என்று நினைப்பவர்களுக்கு அதற்கடுத்த ஆண்டுகளை நினைவூட்டுகிறேன். கிராமி மேடையில் அவர் ஆடிய நாட்களில் கிளிநொச்சி வீழ்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வன்னியில் மக்கள் குறுகிக்கொண்டே வந்த நிலத்துண்டுக்குள் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மே மாதம் போர் முடிந்தது. 2009 அக்டோபரில் ‘ஓஷன் லேடி’ என்ற கப்பலில் 76 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தார்கள். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 பேர், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் கரை இறங்கும் முன்பே ஆட்கடத்தல்காரர்களும் பயங்கரவாதிகளும் அந்தக் கப்பலில் இருக்கலாம் என்ற பேச்சு கனடா அரசின் தரப்பிலிருந்து கிளம்பிவிட்டது. இறங்கியவர்கள் தடுப்புக்காவலுக்குப் போனார்கள். பலருக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது. கள்ள ஆவணம், துப்பாக்கி, உன் பணத்தை எடுத்துக்கொள்ள வந்தவன் என்று பாட்டில் கேலியாக வந்த அதே சந்தேகம் அங்கே செய்தியறிக்கையின் மொழியாக வந்தது. பாட்டு அந்தக் கப்பல்களைப் பற்றியது என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு கப்பல்களும் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. பாட்டு எதைக் கிண்டல் செய்கிறதோ அது கற்பனை அல்ல என்பதற்கு, நம் மக்கள் மேலேயே விழுந்த ஆதாரம் இருக்கும்போது, தமிழில் இந்தப் பாட்டைப் பற்றி எழுதிய நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

நாம் வைத்துக்கொண்டது பிறப்பை. ‘கிராமியில் ஒரு தமிழச்சி’ என்று சொல்லும்போது நமக்குக் கிடைக்கும் பெருமிதம் உண்மையானதுதான். அதை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் அந்தப் பெருமிதத்துக்குப் பாட்டின் சரணமும் வேண்டாம், பல்லவியும் வேண்டாம், வேட்டும் வேண்டாம். அவர் அன்று வேறு எந்தப் பாட்டைப் பாடியிருந்தாலும் நம் கட்டுரை ஒரு சொல் மாறாமல் அச்சேறியிருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சி நான்கு ஒலிகளை மட்டும்தான் எடுத்தது. நாம் முழுப் பாட்டையும் எடுத்துவிட்டுப் பாடகியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

உங்களில் சிலர் எழுப்பக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, இசை கிளாஷ் குழுவினுடையது, தாளம் தயாரிப்பாளர்கள் டிப்ளோவும் ஸ்விட்சும் செய்தது, பல்லவியின் மெட்டிலும் 1992-இல் வந்த ‘ரம்ப் ஷேக்கர்’ என்ற ஹிப்ஹாப் பாட்டின் சாயல், பிறகு இதில் மாதங்கியின் பங்கு என்ன என்பது. இது நல்ல கேள்வி, ஏனென்றால் பாட்டை உண்மையாகக் கேட்டவரால்தான் இதைக் கேட்க முடியும். கிளாஷின் நான்கு உறுப்பினர்களும் பாட்டின் இணை ஆசிரியர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள், கடன் மறைக்கப்படவில்லை. தனியொரு மேதையின் படைப்பாக இதை நான் முன்வைக்கவும் இல்லை. பழைய ஒலியைப் புதிய குரலோடு மோதவிட்டுப் பொருள் உண்டாக்குவது ஹிப்ஹாப்பின் அடிப்படை முறை. அந்த முறையில், யார் எந்தத் துண்டைக் கொண்டுவந்தார் என்பதைவிட, கொண்டுவந்த துண்டின் மேல் யார் குரல் ஏறியபோது அது இந்தப் பொருளைத் தந்தது என்பதே முக்கியம். ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ வட்டத்தின் மேல் ஒரு லண்டன் நடுத்தரவர்க்கப் பையன் இதே வரிகளைச் சொல்லியிருந்தால் அது வெறும் போக்கிரிப் பாட்டு.

இரண்டாவது, கேட்பவர் தன் விருப்பப்படி பொருள் கொள்வதில் என்ன தவறு, படைப்பாளி நினைத்ததுதான் சட்டமா என்பது. சட்டம் இல்லை. அவர் பேட்டிகளில் சொன்னதை நான் ஒரே ஓர் இடத்தில்தான் துணைக்கு அழைத்தேன், அதையும் விட்டுவிட்டால்கூட வாதம் நிற்கும். என் அளவுகோல் எளிது. ஒரு பாட்டுக்கு நாம் சொல்லும் பொருள், அந்தப் பாட்டில் உள்ள எதையும் வெளியே தூக்கிப் போடாமல் நிற்குமா? கிளாஷின் கிதார், கள்ளவிசாச் சரணம், சிறுவர் குரல், வேட்டு, கல்லாமணி, உணவு வண்டி எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் பொருள், இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் பொருளைவிட வலுவானது. கஞ்சாப் படத்துக்குத் தாளமாகக் கேட்டு மகிழ்ந்தவரை யாரும் தண்டிக்கப் போவதில்லை. அவர் கேட்டது பாட்டில் கால்பங்கு, அவ்வளவுதான்.

மூன்றாவது, அந்த அம்மாவே பணக்காரராகிவிட்டார், அவர் அகதிகளைப் பற்றிப் பேசுவதா என்பது. இதை 2010-இல் நியூயார்க் டைம்ஸ் வார இதழ் நீளமாகவே எழுதிப் பார்த்தது. அவர் பேட்டியின்போது உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டதுகூட அதில் குத்தலானது. பேட்டி வரிகள் கையாளப்பட்ட விதம் குறித்துப் பிறகு அந்த இதழ் ஓர் ஆசிரியர் குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது. எழுதியவரின் தொலைபேசி எண்ணை எம்.ஐ.ஏ. பொதுவெளியில் போட்டது அதைவிட மோசமான செயல், அதை நியாயப்படுத்த நான் தயாரில்லை. தடுப்பூசியைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் பேசியதும் எனக்கு ஏற்புடையதில்லை. ஆனால் இவை எதுவும் 2007-இல் ஆல்பத்தில் வெளிவந்த ஒரு பாட்டின் தரத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அகதியாக வந்தவர் ஆயுள் முழுக்க ஏழையாகவும் நல்லபிள்ளையாகவும் இருந்து காட்டினால்தான் அவர் பாட்டை நம்புவோம் என்பது, குடிவரவுச் சாளரத்தின் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் நிபந்தனை. விமர்சகர் அதைக் கடன் வாங்கத் தேவையில்லை. இன்னும் ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது: பாட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழ் இசை எழுத்துக்கு இதில் என்ன வேலை? மொழியால் மட்டும் எல்லை போடுவதென்றால் ‘கிராமியில் ஒரு தமிழச்சி’ என்ற தலைப்பையும் கைவிட வேண்டிவரும். அதற்கு நீங்கள் தயார் என்றால் எனக்கு வழக்கில்லை.

ஆகவே என் வேண்டுகோள். எம்.ஐ.ஏ.வைப் பற்றி அடுத்து எழுதும்போது பிறந்த ஊரிலிருந்து தொடங்காதீர்கள், பல்லவியிலிருந்து தொடங்குங்கள். கிளாஷின் பாட்டை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். மழுக்கிய தொலைக்காட்சி வடிவத்தையும் மழுக்காத வடிவத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, எதில் மிரட்டல் அதிகம் கேட்கிறது என்று உங்கள் காதாலேயே முடிவுசெய்யுங்கள். டிலானின் எதிர்ப்பையும் ஒரு பத்தியில் நேர்மையாகச் சொல்லி, அதற்குப் பாட்டை வைத்துப் பதில் சொல்லுங்கள். இனத்தை வைத்துச் சொல்ல வேண்டாம். கனடாவிலும் பிரிட்டனிலும் குடிவரவுச் சாளரத்தின் முன் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ராப் எழுதுகிறார்கள். அவர்கள் பாட்டு உங்கள் மேசைக்கு வரும்போது, எந்த ஊர்ப் பிள்ளை என்று விசாரிக்கும் முன் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மடலில் நான் சொன்ன எதையும் நீங்கள் மறுத்து எழுதலாம். பாட்டை வைத்து மறுத்தால் போதும், மகிழ்ச்சியோடு படிப்பேன்.